வீட்டுக்காரருக்கும் தைராய்டு வரும்: ஊசிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நலவாழ்வுக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு கூட்டத்திலும் நாம் ரத்தசோகை பற்றிப் பேசுகிறோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேசுகிறோம். பிள்ளைகளின் சத்துணவு பற்றிப் பேசுகிறோம். இன்றைக்கு வீட்டு ஆண்களின் உடம்பைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதெல்லாம் நம்ம கூட்டத்துல பேசுற விஷயமா அக்கா?" என்று சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறீர்கள். சிரிங்க, தப்பில்லை. ஆனா காதைத் திறந்து வச்சுக்கிட்டுச் சிரிங்க. இந்த விஷயத்துக்காக நம் குழுக்களிலிருந்து உள்கடன் போகிறது. மருத்துவச் செலவு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதில்லை. ஆடு வாங்க, கூரை மாற்ற என்று எழுதுகிறோம். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு குடும்பத்தில் நடந்தது

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு சகோதரியின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் இல்லாமல் இதைச் சொல்கிறோம். அவர் கணவர் விசைத்தறி ஓட்டுகிறவர். வயது 38. ஒரு வருடமாக உடம்பில் தெம்பு இல்லை. ஷிப்டு முடிந்து வந்ததும் படுத்துவிடுவார். முகம் ஊதினாற்போல் இருக்கும். எல்லாரும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் போர்வையைத் தேடுவார். குரல் கம்மிப் போயிற்று. கணவன் மனைவி உறவிலும் நாட்டமே இல்லை. இரண்டாவது குழந்தை வேண்டும் என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் மருமகளைக் குறை சொன்னார். மருமகளுக்கோ, இவருக்கு வேறு எங்கேயாவது தொடர்பு இருக்குமோ என்று சந்தேகம். தினமும் சண்டை.

அந்த மனிதர் யாரிடமும் சொல்லாமல், மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போனார். நாடி பிடித்துப் பார்த்து, "நரம்புத் தளர்ச்சி, மூணு மாசக் கோர்ஸ்" என்று லேகியமும் தைலமும் கொடுத்தார்கள். அதற்காகத்தான் அந்தச் சகோதரி ஆடு வாங்க என்று சொல்லி 12,000 ரூபாய் உள்கடன் எடுத்தார். பலன் இல்லை. அப்புறம் வேறு ஓரிடத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்துப் பார்க்காமல், "ஆண்மை ஹார்மோன் ஊசி" என்று போட்டார்கள். அதுவும் இரண்டு மூன்று தடவை.

கடைசியில் மலச்சிக்கலுக்காக அரசு மருத்துவமனைக்குப் போனபோது, ஒரு பெண் மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்தார், கைத்தோலைத் தடவிப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். 4-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய டி.எஸ்.எச். அளவு 60-ஐத் தாண்டி இருந்தது. தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலையை நிறுத்தியிருந்தது. "தைராய்டு பொம்பளைங்களுக்குத்தானே வரும்?" என்று அவர் கேட்டாராம். அந்தக் கேள்வியைத்தான் நாம் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

தைராய்டு என்ன வேலை செய்கிறது?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதில் சுரக்கும் ஹார்மோன் முடிவு செய்கிறது. அடுப்பில் தீயைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்ற சிறிய சுரப்பி இதற்கு மேற்பார்வை. தைராய்டு குறைவாகச் சுரந்தால், "இன்னும் சுரக்க வேண்டும்" என்று பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவுதான் டி.எஸ்.எச். அதனால்தான் தைராய்டு குறைந்தால் டி.எஸ்.எச். ஏறுகிறது.

தைராய்டு நோய் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது, உண்மைதான். ஆனால் குறைவாக வரும் என்பதற்கும் வராது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. நமக்குப் பிரசவ நேரத்தில் எடுத்துப் பார்க்கிறார்கள், மாதவிலக்குக் கோளாறு என்றால் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆண்களை அப்படி யாரும் கேட்பதில்லை. "வேலைக் களைப்பு, வயசாகுது" என்று விட்டுவிடுகிறார்கள்.

குறைவாகச் சுரந்தால் அசதி, தூக்கம், எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, மறதி, மனச்சோர்வு வரலாம். அதோடு தாம்பத்திய நாட்டம் குறைதல், விறைப்புக் குறைவு, விந்து வெளிவரத் தாமதம் ஆகியவையும் வரலாம்.

அதிகமாகச் சுரந்தால் நேர் எதிர். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப் போவார். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எரிச்சல், அடிக்கடி வெளிக்குப் போதல் இருக்கும். சிலருக்கு மார்பு பெருக்கும், விந்து முந்தும். இன்னொன்றையும் கவனியுங்கள். அதிகத் தைராய்டு உள்ள ஆசிய நாட்டு ஆண்கள் சிலருக்கு, இரவு வயிறாரச் சோறு சாப்பிட்டுப் படுத்தால் விடியற்காலையில் கால் இரண்டும் வராமல் போய்விடும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைவதால் வருவது அது. நம் ஊரில் காத்துக் கருப்பு அடிச்சிருச்சு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். கூட்டிப் போக வேண்டிய இடம் மருத்துவமனை. உடனே போக வேண்டும், இதயத் துடிப்பையும் அது பாதிக்கும்.

ஆண் ஹார்மோனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆண் ஹார்மோனின் பெயர் டெஸ்டோஸ்டிரோன். பெரும்பகுதி விதைப்பையில் உள்ள விதைகளில் சுரக்கிறது. மீசை, குரல், தசை, எலும்பு, நாட்டம், விந்தணு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. இதற்கும் மேற்பார்வை அதே பிட்யூட்டரிதான்.

ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. ஒரு புரதத்தின் மேல் ஏறிக்கொண்டு போகிறது, பஸ்ஸில் ஏறிப் போகிற மாதிரி. தைராய்டு குறைந்தால் இந்தப் புரதம் குறையும். பஸ் குறைந்தால் ஆள் எண்ணிக்கையும் குறைந்து தெரிகிறது இல்லையா? அதேபோல் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அளவும் குறைந்து தெரியும். தைராய்டு மிகவும் குறைந்து போனால் புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் கூடி, சுரப்பையே அமுக்கவும் செய்யலாம். தைராய்டு அதிகமானால் அந்தப் புரதம் கூடும், டெஸ்டோஸ்டிரோன் அளவு சீட்டில் அதிகமாகத் தெரியும், ஆளோ இளைத்துக் கிடப்பார்.

ஆகவே சகோதரிகளே, களைப்பு, நாட்டமின்மை, மனச்சோர்வு இவை தைராய்டு குறைவிலும் வரும், டெஸ்டோஸ்டிரோன் குறைவிலும் வரும். ஆளைப் பார்த்து மட்டும் எது என்று சொல்ல முடியாது. தைராய்டைப் பார்க்காமல் ஆண் ஹார்மோனை ஏற்றினால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். நோய் உள்ளேயே இருக்கும். கொழுப்பு கூடும், இதயம் பாதிக்கும்.

2005-ல் இத்தாலி நாட்டு மருத்துவர்கள் தைராய்டுக் கோளாறு உள்ள 48 ஆண்களைப் பரிசோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பலருக்குத் தாம்பத்தியக் குறை இருந்தது. தைராய்டுக்கு மட்டும் மருந்து கொடுத்துச் சரி செய்தபோது, அந்தக் குறைகளும் பெரும்பாலும் குறைந்தன. ஆண்மைக்கென்று தனி மருந்து தேவைப்படவில்லை.

அப்படியானால் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையே தப்பா?

தப்பில்லை. உண்மையாகவே டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு குறைந்தவர்களுக்கு அது நல்ல சிகிச்சை. பிறவிக் குறை, விதையில் அடிபட்டது, அம்மைக்கட்டு விதையைத் தாக்கியது, பிட்யூட்டரியில் கட்டி என்று பல காரணங்கள் உண்டு. அவர்களுக்கு ஊசி, தோலில் தடவும் ஜெல், மாத்திரை என்று இருக்கிறது. ஆனால் அது தேவை என்று முடிவு செய்ய முறை இருக்கிறது.

காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். காலையில்தான் அந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். சாயங்காலம் எடுத்தால் நல்லவருக்கும் குறைவாகக் காட்டும். ஒரு தடவை குறைந்தால் போதாது, வேறொரு நாள் மறுபடியும் எடுக்க வேண்டும். இரண்டு தடவையும் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, தொந்தரவும் இருந்தால்தான் குறைவு என்று பல மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் காரணத்தைத் தேட வேண்டும். பிட்யூட்டரியிலேயே கோளாறு என்றால் டி.எஸ்.எச். சரியாக இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும். அதனால் தைராய்டு ஹார்மோனான டி4 அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தீராத தலைவலியும், பக்கவாட்டில் பார்வை மங்குவதும் சேர்ந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய், அதிக எடை, குடி, தூக்கமின்மை இவையும் இந்த ஹார்மோனைக் குறைக்கும். தொப்பை குறைந்து, குடி நின்று, சர்க்கரை கட்டுப்பட்டாலே பலருக்கு அளவு ஏறும்.

குழந்தை வேண்டும் என்பவர்கள் கவனிக்க

இதை அடிக்கோடிட்டுக் கேளுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், "ஏற்கெனவே நிறைய இருக்கு" என்று மூளை நினைத்துக்கொள்ளும். விதைக்குக் கொடுக்கிற உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு குறையும், சிலருக்கு ஒன்றுகூட இல்லாமல் போகும். ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் சோதித்து, 1990-ல் முடிவை வெளியிட்டது. பலரிடம் அது கருத்தடையாக வேலையும் செய்தது.

யோசித்துப் பாருங்கள். குழந்தைக்காகக் கடன் வாங்கி ஊசி போடுகிறோம். அந்த ஊசியே குழந்தை உருவாவதைத் தடுக்கிறது. பழி யார் மேல் விழுகிறது? நம் மேல். மலடி என்ற பட்டம் நமக்குக் கிடைக்கிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் விந்தணு திரும்பி வரும், ஆனால் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். குழந்தை விரும்புகிறவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. ஜிம்முக்குப் போகும் மகன் யாரோ கொடுத்த ஊசியைப் போட்டுக்கொள்கிறானா என்றும் ஒரு கண் வையுங்கள். உடம்பு ஏறுவதற்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிகளும் இதே வேலையைத்தான் செய்யும்.

மருத்துவர் சொல்லி இந்தச் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் கண்காணிப்பு வேண்டும். ரத்தம் கெட்டிப்படலாம், ரத்த அழுத்தம் கூடலாம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற தொந்தரவு அதிகமாகலாம். புராஸ்டேட் சுரப்பியையும் பார்க்க வேண்டும். 2023-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதய ஆபத்து உள்ள 5,200-க்கும் மேற்பட்ட ஆண்கள் கலந்துகொண்டார்கள். உண்மையாகவே குறைவு உள்ளவர்களுக்கு முறையாகக் கொடுத்தால் மாரடைப்பு, பக்கவாதம் கூடுவதில்லை என்று தெரிந்தது. ஆனால் இதயத் துடிப்புத் தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தக் கட்டி அடைப்பதும், சிறுநீரகப் பாதிப்பும் கொஞ்சம் அதிகமாக இருந்தன. சும்மா தெம்புக்குப் போட்டுக்கொள்கிற ஊசி இல்லை என்பதற்கு இதுவே போதும்.

ஜெல் தடவுகிறவர் வீட்டில் இருந்தால் நமக்கும் வேலை உண்டு. தடவிய இடம் நம் மேலோ குழந்தை மேலோ பட்டால் அந்த மருந்து நம் உடம்பிலும் ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு வயதுக்கு முன்பே பருவ அறிகுறி வந்ததால், 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்குக் கடுமையான எச்சரிக்கை போடச் சொன்னது. தடவிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்ந்ததும் சட்டை போட்டு மூட வேண்டும். அந்தச் சட்டையைத் துவைக்கும்போதும் கவனம் தேவை.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குப் புதிதாக டெஸ்டோஸ்டிரோன் ஆரம்பித்தால், தைராய்டு மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். எனவே டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு மருத்துவரிடம் போனால் இரண்டு பேரிடமும் எல்லாச் சீட்டையும் காட்டுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் முறை

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு சாப்பிட வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ, காபி. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். ஆரம்பித்து ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். "நல்லாயிட்டேன்" என்று தானாக நிறுத்தக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு நீண்ட நாள் மருந்து அது. இதய நோய் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை எடுத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

அயோடின் உப்பு நல்லது, கட்டாயம் வாங்குங்கள். ஆனால் சுரப்பி கெட்ட பிறகு உப்பை மாற்றினால் மட்டும் சரியாகாது, மாத்திரை தேவைப்படும்.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டுக்காரரிடம், "உங்களால முடியல" என்று ஆரம்பித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். "உங்க உடம்புல ஏதோ சரியில்ல, எனக்குப் பயமா இருக்கு, ஒரு தடவை ரத்தம் பார்த்துட்டு வருவோம்" என்று ஆரம்பியுங்கள். கூடவே போங்கள். டி.எஸ்.எச். பரிசோதனை தனியார் லேபிலும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். தைராய்டு மாத்திரை விலை குறைவானதுதான். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள்.

ஆண்மையைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுத்திருக்கிறது. சுவரில், பஸ் ஸ்டாண்டில், செல்போனில் அப்படி விளம்பரம் வந்தால், சட்டம் தடுத்த விளம்பரத்தைத்தான் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவத்துக்கு உள்கடன் கேட்கிறவரிடம் என்ன நோய் என்று கேட்டுக் கூச்சப்படுத்த வேண்டாம். "ரத்தம் பார்த்தாச்சா? சீட்டு இருக்கா?" என்ற இரண்டு கேள்வி போதும். சீட்டு இல்லை என்றால் முதலில் பரிசோதனைக்கு மட்டும் சிறு தொகை கொடுங்கள். பெரிய கடன் அதற்குப் பிறகு. அப்படிச் செய்திருந்தால் அந்தச் சகோதரியின் 12,000 ரூபாயில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

அவர் கணவர் இப்போது காலையில் எழுந்ததும் மாத்திரை போடுகிறார். நாலு மாதத்தில் முகவீக்கம் வடிந்து, முழு ஷிப்டு தறி ஓட்டுகிறார். அந்த ஊசியை நிறுத்தியாயிற்று. குழந்தை விஷயத்தில் மருத்துவர் இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். உள்கடனில் இன்னும் ஐந்து தவணை பாக்கி இருக்கிறது. வீட்டில் சண்டை நின்றிருக்கிறது. "அவரு என்னை வெறுக்கலக்கா, அவருக்கு உடம்புதான் சரியில்ல. அது தெரியாமப் போச்சே" என்று அந்தச் சகோதரி எங்களிடம் சொன்னார்.

உங்கள் குழுவின் அடுத்த வாரக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய், ஆண்கள் கண்ணில் படும்படி மேசை மேல் வையுங்கள்.